வழுவும் வழுவமைதியும்

சொற்குற்றம் வேறு, பொருட்குற்றம் வேறு என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தருமி கதையோடு வளர்ந்த ஊர் இது. 1965இல் ‘திருவிளையாடல்’ படம் வந்தபிறகு அந்தக் கதை தெரியாத தமிழரே இல்லை. கதையில் நக்கீரர், தருமி கொண்டுவந்த பாட்டின் இலக்கணத்தில் கை வைப்பதில்லை. சொல் சரி, தொடர் சரி, யாப்பும் சரி. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற கருத்தைத்தான் அவர் ஏற்க மறுக்கிறார். நிரல் எழுதுகிறவர்கள் பாஷையில் சொன்னால், கம்பைலர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட ஒரு நிரலில் அவர் பிழை கண்டார்.

நிரல்மொழிகளை ஒப்பிட்டுப் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடமும் இதுதான். எந்தப் பிழையை மொழியே பிடிக்கும், எதை மனிதர்தான் பிடிக்க வேண்டும்? ஆனால் சொல், பொருள் என்ற இரண்டு கூறு இதற்குப் போதாது. நம் இலக்கண நூல்களில் இதைவிட நுட்பமான ஒரு பகுப்பு கிடக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன வழாநிலை, வழு, வழுவமைதி என்ற மூன்றைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன், இந்த ஒப்பீடு நம் ஊரில் இப்போது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவி, பதினொன்றாம் வகுப்பில் சி ப்ளஸ் ப்ளஸ் படிக்கிறாள். பன்னிரண்டில் பைத்தான். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் இன்னொன்றும் செய்கிறது. பைத்தானுக்குள் நுழையும் முன், முதல் பாடத்திலேயே செயற்கூறுகளை விளக்க, எம்எல் என்ற மொழிக் குடும்பத்தின் சாயலில் நிரல் துண்டுகளைக் காட்டுகிறது. எம்எல், ராபின் மில்னரும் அவர் கூட்டாளிகளும் 1970களில் எடின்பரோவில் உருவாக்கியது. உலகின் பல இடங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகே பார்க்கக் கிடைக்கும் சிந்தனை முறை, இங்கே தமிழ்வழியில் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் முதல் பாடத்தில் இருக்கிறது. ஆக இரண்டே ஆண்டில், ஒன்றோடொன்று ஒத்துவராத மூன்று இலக்கணங்களை அவள் கடந்துவிடுகிறாள்.

அதே நூலின் 14ஆம் பாடத்தில் பைத்தானுக்கும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடுகள் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று பொதுவாக வரிவரியாகப் பெயர்த்து இயங்குவது, மற்றது மொத்தமாகத் தொகுத்து இயங்குவது. ஒன்றில் மாறிக்குத் தரவினம் சொல்ல வேண்டியதில்லை, மற்றதில் சொல்லியாக வேண்டும். தவறில்லாத அட்டவணை. மனப்பாடம் செய்தால் மதிப்பெண்ணும் கிடைக்கும். தரவினம் சொல்வதால் என்ன லாபம், சொல்லாவிட்டால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு மட்டும் அட்டவணையில் இடமில்லை. கல்லூரிக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. மொழிகளின் கோட்பாடு ஒரு தாளாக வந்து ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பிறகு இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ ஐடி பார்க்கில் வேலைக்குப் போகும்போது, விண்ணப்பத்தில் மொழிகள் கமா போட்டு வரிசையாக நிற்கும், ஏறிய பேருந்துகளின் எண்களைப் போல.

இனி நேரடியாக ஒரு நிரலுக்குள் போகலாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்குச் சின்னதாக ஒரு பில் போடும் நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். காலையில் வாங்கிய மல்லிகை எத்தனை கிலோ, மாலையில் எத்தனை கிலோ என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் கூட்டி, கிலோ 800 ரூபாய் வீதம் பெருக்க வேண்டும். காலையில் 2, மாலையில் 1. சரியான விடை 2,400.

இதை ஜாவாஸ்கிரிப்டில் யோசிக்காமல் எழுதினால் பில் 16,800 என்று வரும். கட்டத்தில் தட்டியதை அந்த மொழி எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டு என்று பொருள். 2ஐயும் 1ஐயும் ஒட்டினால் 21. அடுத்து பெருக்கல் வருகிறது. எழுத்தைப் பெருக்க முடியாது என்பதால், இப்போது மட்டும் அந்த 21ஐ எண்ணாகப் பாவித்துக்கொள்கிறது. ஒரே வரியில் ஒரு முறை எழுத்து, ஒரு முறை எண். எச்சரிக்கை எதுவும் கிடையாது. பார்க்கச் சாதாரணமான ஒரு தொகை பில்லில் அச்சாகி வெளியே வந்துவிடும்.

பைத்தானிலும் தட்டியது எழுத்தாகத்தான் உள்ளே வருகிறது, அங்கும் ஒட்டினால் 21தான். ஆனால் எழுத்தை எண்ணால் பெருக்கினால் பைத்தானுக்கு வேறு பொருள்: அத்தனை முறை திரும்ப எழுது. 21 என்பதை 800 முறை எழுதி, 1,600 இலக்கங்களைத் திரையில் கொட்டிவிடும். பிழைதான், ஆனால் யார் கண்ணுக்கும் தப்பாத பிழை. சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலோ மாறியை முதலிலேயே முழு எண் என்று அறிவித்திருப்போம். எனவே தட்டியது எண்ணாகவே உள்ளே வந்து 2,400 கிடைக்கும். மாறியை எழுத்துச் சரம் என்று தவறாக அறிவித்திருந்தால், சரத்தை 800ஆல் பெருக்க மாட்டேன் என்று கம்பைலர் நின்றுவிடும். நிரல் ஓடவே ஓடாது.

லேபில் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் கட்டாயம் ஒரு பையன் சொல்வான்: “சார், சி ப்ளஸ் ப்ளஸ்ல சும்மா சும்மா எரர் அடிக்குது. ஜாவாஸ்கிரிப்ட்ல எரரே வராது சார், அதான் ஈஸி.”

“எரர் வரலைன்னா தப்பே இல்லைன்னு அர்த்தமாப்பா?”

“பில்லு வருதுல்ல சார்.”

அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பில் வந்துவிடுகிறது. முதல் அரை மணி நேரத்தில் ஏதாவது ஒன்று ஓட வேண்டும் என்பது மொழி வடிவமைப்பில் மதிக்கத்தக்க ஒரு குறிக்கோள். 1995இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் செய்து முடித்தார். நிரலாளர் அல்லாதவர்களும் வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானை இயங்கவைக்க வேண்டும் என்பது அப்போதைய தேவை. தப்பும் தவறுமாக எழுதினாலும் பக்கம் நின்றுவிடக் கூடாது. அந்தக் கருணைதான் மல்லிகைக் கடையில் 16,800 ஆனது.

*

மூன்று மொழிகளும் ஒரே செயலை மூன்று விதமாக மதிப்பிட்டன. இதைப் பேசத்தான் இலக்கணத்தின் அந்த மூன்று சொற்களும் உதவுகின்றன. திணையும் பாலும் ஒழுங்காக இயைந்து வந்தால் வழாநிலை. ‘அவன் வந்தது’ என்றால் வழு. சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் சரத்தை எண்ணால் பெருக்க மறுப்பது இந்த வகை. வழுதான் என்றாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் திணை தவறுகிறது, ஆனால் உவப்பினால் சொன்னது என்று அமைதி காட்டுகிறோம். மகளை ‘வாடா ராஜா’ என்று கொஞ்சும் தாயையும் இலக்கணம் திருத்தப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது, வழுவமைதி என்றால் எதையும் அனுமதிப்பது என்று பொருள் இல்லை. நன்னூல் திணையும் பாலும் தவறுவதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று காரணங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. காலம் தவறுவதற்கும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று தனிப் பட்டியல் உண்டு. வீட்டில் செருப்பு மாட்டிக்கொண்டே கைப்பேசியில் “இந்தா வந்துட்டேன்” என்கிறோமே, அது விரைவு பற்றிய கால வழுவமைதி. பட்டியலில் இல்லாத காரணத்துக்காக மீறினால் அது வெறும் வழு.

ஜாவாஸ்கிரிப்ட் 21ஐ எண்ணாக மாற்றிக்கொண்டது எந்தக் காரணத்தால்? எழுதியவர் அப்படிக் கேட்கவில்லை. மொழியாகவே அனுமானித்துக்கொண்டது. காரணம் கேட்காமல் தரப்படும் அமைதி இது. சி மொழியின் மனநிலை வேறு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அதை உருவாக்கியபோது, எழுதுகிறவருக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும் என்பது அடிப்படை நம்பிக்கை. பத்து இடம் உள்ள அணியில் பதினோராவது இடத்தைத் தொட்டாலும் சி கேள்வி கேட்காது. அங்கே கிடப்பது வேறு யாருடைய தரவாகவும் இருக்கலாம்.

இலக்கணம் வழுவை ஏழாக வகுக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இவற்றில் நிரல்மொழிகளோடு வைத்து யோசிக்க எனக்கு அதிகம் கைகொடுத்தவை காலமும் மரபும். நினைவகத்தில் ஓர் இடத்தைப் பயன்படுத்தி முடித்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டபிறகு, மறுபடி அங்கே போய் மதிப்பை எடுப்பது சி நிரல்களில் தீராத நோய். இடம் சரி, தரவினமும் சரி, காலம்தான் தவறு. ‘நேற்று வருவான்’ என்பது போன்ற வழு. சி இதைப் பார்ப்பதே இல்லை. ஜாவாவும் பைத்தானும் வேறு வழியில் தப்பிக்கின்றன: நிரல் ஓடும்போதே கூட ஓர் ஆளை வைத்து, இனி யாருக்கும் தேவைப்படாத இடங்களை மட்டும் அவரே துப்புரவாக்கும்படி ஏற்பாடு. 2015இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி, ஒவ்வொரு மதிப்பும் எதுவரை உயிரோடு இருக்கும் என்று தொகுக்கும்போதே கணக்குப் பார்க்கிறது. காலம் கடந்து தொட்டால் நிரலைத் தொகுக்க மறுக்கிறது. கால வழுவை இலக்கணத்துக்குள் கொண்டுவந்ததுதான் ரஸ்ட் செய்த பெரிய காரியம் என்பேன். அதன் விலையைப் புதிதாகக் கற்பவர்கள் கொடுக்கிறார்கள். முதல் சில வாரங்கள் கம்பைலரோடு மல்லுக்கட்டாத ரஸ்ட் மாணவரைப் பார்ப்பது அரிது.

மரபு இன்னும் சுவாரசியமானது. ஆட்டுக்கன்று என்று சொன்னால் பொருள் புரியும், திணையும் பாலும் கெடவில்லை, ஆனாலும் வழு. ஆட்டுக்குக் குட்டி என்பது மரபு. நிரலில் உள்தள்ளி எழுதுவது சியிலும் ஜாவாவிலும் இப்படிப்பட்ட மரபுதான். செய்யாவிட்டாலும் நிரல் ஓடும், படிக்கிறவர்தான் திட்டுவார். கீடோ வான் ரோஸம் 1991இல் பைத்தானை வெளியிட்டபோது அந்த மரபை இலக்கணமாக்கினார். உள்தள்ளல் பிசகினால் பைத்தானில் நிரலே இல்லை. 2009இல் வெளியான கோ மொழி வேறு உத்தியைக் கையாண்டது. நிரலை ஒரே சீராக அடுக்கித் தரும் கருவியை மொழியோடு சேர்த்தே கொடுத்துவிட்டது. மரபை மீறலாம், ஆனால் கருவி ஒரு நொடியில் திருத்திவிடும். ஒரு மொழியில் மரபாக இருப்பது இன்னொன்றில் சட்டமாகிறது, வேறொன்றில் சலுகையாகிறது. ஒப்பீடு என்றால் இந்த எல்லைக்கோடுகளைத் தேடிப் போவது. சொற்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை தட்டுப்படுவதில்லை.

*

கண்டிப்பான மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பவர்கள், 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டின் கதையைப் படிக்க வேண்டும். முதல் பயணம். புறப்பட்டு 40 வினாடி அளவில் சிதறியது. ராக்கெட்டின் நிலையைக் கணிக்கும் நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டிருந்தது. தரவினக் கண்டிப்புக்குப் பேர்போன மொழி அது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, எண் பெரிதாகிவிட்டதால் மாற்ற முடியாமல் நிரல் நின்றது. அதே நிரல் ஓடிக்கொண்டிருந்த மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் நின்றுபோனது.

இப்படி மாற்றும்போது எண் அடங்காமல் போகலாம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆபத்துள்ள ஏழு மாறிகளை அடையாளம் கண்டு, நான்குக்குப் பாதுகாப்பு வைத்து, மூன்றை அப்படியே விட்டார்கள். கணினியின் வேலைச்சுமையை 80 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அந்த மூன்றும் எல்லை தாண்ட வாய்ப்பில்லை என்பது இன்னொன்று. ஏரியான் 4க்கு அது உண்மை. நிரலை அப்படியே எடுத்து ஏரியான் 5இல் வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு, கிடைமட்ட வேகமும் அதிகம். கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் நடந்த விசாரணை இன்னொன்றையும் குறித்தது: அந்த மூன்றுக்கும் ஏன் பாதுகாப்பு தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள் என்பதற்கான விளக்கம் மூல நிரலில் எங்கும் நேரடியாக எழுதப்பட்டிருக்கவில்லை.

காரணத்தோடு அளிக்கப்பட்ட வழுவமைதி அது. காரணம் தன் காலத்தில் நியாயமானதும்கூட. அதை எழுதிவைக்காததால், காரணம் காலாவதியான நாளில் யாருக்கும் தெரியாமல் போனது. ரஸ்ட் எழுதுகிறவர்களிடம் இதற்கொரு நல்ல வழக்கம் இருக்கிறது. அந்த மொழியிலும் விதிகளை மீற வழி உண்டு, ஆனால் ‘பாதுகாப்பற்றது’ என்று பெயரிட்ட ஒரு கட்டத்துக்குள் மட்டுமே. அந்தக் கட்டத்துக்கு மேலே, இந்த இடத்தில் மீறுவது ஏன் தகும் என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பது மரபு. விதி, விலக்கு, விலக்குக்கான காரணம். இலக்கண உரையாசிரியர் சேனாவரையரின் உரையைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழகிய ஒன்று.

உடனே ‘அன்றே சொன்னார்கள்’ என்று கிளம்பிவிடக் கூடாது. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் செயற்கை அறிவுக்கான ஓர் இதழில், அறிவைக் குறித்துவைக்கும் முறைகளையும் சமஸ்கிருத இலக்கண மரபையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அது வாட்ஸ்அப் வழியே, கணினிக்கு உகந்த மொழி சமஸ்கிருதமே என்று நாசா அறிவித்த கதையாகிவிட்டது. அதே கதைக்குத் தமிழ்ப் பதிப்பு ஒன்று எழுதுவது என் நோக்கமில்லை. நன்னூல் எழுதிய பவணந்திக்குக் கம்பைலர் தெரியாது. அவர் எடுத்துக்கொண்டது மனிதர் பேசும் மொழி. அங்கே வழக்கு முதலில், விதி பிறகு. இலக்கியம் கண்டபின்தான் இலக்கணம். நிரல்மொழியில் பெரும்பாலும் தலைகீழ். 1960இல் அல்கால் மொழியின் அறிக்கை வந்தபோது, ஜான் பேக்கஸும் பீட்டர் நாவரும் செம்மைப்படுத்திய குறியீட்டில் முழு இலக்கணமும் தாளில் இருந்தது. அதில் எழுதப்பட்ட நிரல்கள் பிறகே பெருகின.

ஆனால் இந்த வேறுபாடும் நிலையாக நிற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் பதினேழு ஆண்டு காலம் உலகமே எழுதித் தீர்த்தபிறகு, 2012இல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. மக்கள் ஏற்கெனவே எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்பத் தரவின விதிகளை வகுத்த மொழி அது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம். அதில் ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்று பொருள்படும் ஒரு தரவினமும் உண்டு. அவசரத்தில் எங்கும் அதைப் போட்டு எரரை அடக்கிவிடலாம். காரணம் சொல்லாத வழுவமைதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் நிரல் எழுதும் முயற்சிகளையும் இதே அளவுகோலால்தான் பார்க்கத் தோன்றுகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி 2009இல் ஒரு கட்டுரையாக அறிமுகமானது. அதில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுதுக"
முடி

முதல் வரியைப் பாருங்கள். ஆங்கிலச் சாயலுள்ள மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் நிற்கும். எழிலில் நிபந்தனை முதலில் வந்து, ‘ஆனால்’ பின்னால் வருகிறது. தமிழின் தொடரமைப்பை அறிந்து செய்த வேலை. அடுத்த வரியிலோ ‘பதிப்பி’ என்ற வினை முன்னால் வந்துவிட்டது. நாம் பேசும் வரிசையில் பதிக்க வேண்டியதைச் சொன்னபிறகே வினை வரும். வினையைக் கடைசியில் வைக்கும் நிரல்மொழிகள் இல்லாமலில்லை. 1970ஐ ஒட்டி சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் அப்படித்தான்: முதலில் எண்கள், பிறகு செயல். தமிழைப் போலவே வினையில் முடியும் ஜப்பானிய மொழிக்கு, ஃபோர்த்தை அடியாகக் கொண்டு ‘மைண்ட்’ என்ற நிரல்மொழியை 1980களிலேயே செய்தார்கள். எழில் முழுமையாக அந்தப் பக்கம் போகவில்லை. பைத்தானின் மேல் கட்டப்பட்ட மொழி அது, மாறிக்குத் தரவினம் அறிவிக்க வேண்டியதில்லை. சொற்கள் தமிழாகின, தொடர் பாதி தமிழானது. எது வழு என்ற தீர்ப்பில் பைத்தானின் குணம் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளை ஆங்கிலத் தடையின்றி முதல் நிரலை எழுத வேண்டும் என்பது அதன் குறிக்கோள், அதற்கு அது பொருந்துகிறது. ஒரு மொழியின் சொற்களைப் பார்த்து அதன் இலக்கணத்தை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு நமக்குப் பக்கத்தில் கிடைக்கும் சான்று எழில்.

இப்போது நிரலை எழுதித் தருவதற்கே இயந்திரங்கள் வந்துவிட்டன. விடுதி அறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கேட்ட மொழியில் கேட்ட நிரலை வாங்கிவிடலாம். இனி மொழிகளை ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எழுதும் வேலை குறையக் குறைய, எழுதியதைச் சோதிக்கும் வேலை கூடுகிறது. மல்லிகைக் கடை பில்லை இயந்திரமே எழுதித் தரட்டும். கட்டத்தில் தட்டியது எண்ணா, எழுத்தா என்று யாராவது கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை மொழியே கேட்குமா, நாம்தான் கேட்க வேண்டுமா என்று தெரியாதவர், இயந்திரம் தந்ததை நம்புவதைத் தவிர வேறென்ன செய்வார்?

எனவே அந்த 14ஆம் பாடத்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியைச் சேர்க்கலாம் என்பது என் யோசனை. மாணவியிடம் ஐந்து பிழையான நிரல் துண்டுகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலும் பைத்தானிலும் எழுதிப் பார்த்து, பிழை எங்கே பிடிபட்டது என்று அவள் குறிக்க வேண்டும்: தொகுக்கும்போதா, ஓடும்போதா, விடையைப் பார்த்தபிறகா, கடைசிவரை பிடிபடவே இல்லையா. பிடிபடாமல் போனதற்கு, மொழியை வடிவமைத்தவர் பக்கம் நின்று ஒரு காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் பூக்கடைக்குப் பொருந்துமா, ராக்கெட்டுக்குப் பொருந்துமா என்று கடைசியாக ஒரு வரி. இரண்டு மொழிகளையும் ஏற்கெனவே படித்துவிட்ட உசிலம்பட்டி மாணவிக்கு இதற்கு ஒரு பிற்பகல் போதும். எந்த மொழி சிறந்தது என்ற கேள்வியை அதன்பிறகு அவள் கேட்க மாட்டாள். எந்தப் பிழைக்கு யார் விலை கொடுப்பது என்று கேட்கத் தொடங்கியிருப்பாள்.